பசளைக் களஞ்சியத்தில் இருப்பது என்ன? தீயணைக்க வருபவருக்குத் தெரியுமா?

பெரும்போகம் நெருங்கினால் நெற்செய்கைப் பிரதேசங்களிலுள்ள பசளைக் கடைகளில் மூடைகள் கூரை முட்ட அடுக்கப்படும். பக்கத்திலேயே கிருமிநாசினிப் போத்தல்களும் டீசல் கேனும் வெற்றுச் சாக்குகளும் கிடக்கும். "இத்தனை வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே" என்பதுதான் பல முதலாளிமாரின் பதில். இந்தப் பதில் போதுமானதா என்பதை அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு சிந்தித்துப் பார்க்கலாம்.

வெஸ்ட் என்பது அங்குள்ள ஒரு சிற்றூர். அங்கே இருந்தது பெரிய தொழிற்சாலையல்ல. சுற்றுவட்டார விவசாயிகளுக்குப் பசளையும் விதையும் விற்ற வியாபார நிலையம். அமோனியம் நைத்திரேற்றுப் பசளை மரக் கட்டடமொன்றில், மரப்பலகைத் தடுப்புகளுக்குள் கொட்டி வைக்கப்பட்டிருந்தது. அதே கட்டடத்தில் விதைகளும் இருந்தன. தானியங்கி நீர்த்தெளிப்பு வசதி இருக்கவில்லை. 2013 ஏப்ரல் 17ஆம் திகதி மாலை அங்கு தீப்பிடித்தது. சுமார் 20 நிமிடங்களில் பசளை வெடித்தது. 15 பேர் உயிரிழந்தனர். 260க்கும் அதிகமானோர் காயமடைந்தனர். அருகிலிருந்த வீடுகள், பாடசாலைகள், முதியோர் பராமரிப்பு நிலையம் என்பனவும் சேதமடைந்தன.

இறந்த 15 பேரில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவி செய்யவும் ஓடி வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள். உள்ளேயிருந்த பொருள் எவ்வளவு ஆபத்தானது, எப்போது விலகி ஓட வேண்டும் என்ற போதிய தகவல் அவர்களிடம் இருக்கவில்லை.

வியாபாரக் கணக்கையும் பார்ப்போம். அந்நிறுவனத்தின் பொறுப்புக் காப்புறுதி 10 இலட்சம் டொலர் மாத்திரமே. காப்புறுதி சார்ந்த இழப்போ சுமார் 23 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது.

2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூத் துறைமுகத்தில் 200க்கும் அதிகமானோரைப் பலிகொண்டதும் இதே இரசாயனம்தான். சுமார் 2,750 மெற்றிக் தொன் அங்கே பல வருடங்களாகக் களஞ்சியத்தில் கிடந்தது.

நம் கடைகளில் அதிகம் இருப்பது யூரியா. அது அமோனியம் நைத்திரேற்றைப் போல வெடிப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் கடும் வெப்பத்தில் அதிலிருந்து அமோனியா வாயு வெளிப்படும். கிருமிநாசினிகள் எரிந்தால் நச்சுப் புகை பரவும். மரக்கறி, பூச்செய்கைக்கான நைத்திரேற்றுப் பசளைகள் எரியும் தீயை மேலும் வளர்க்கும். எனவே பின்வரும் விடயங்களில் கவனம் தேவை.

முதலாவது, பிரித்து வையுங்கள். நைத்திரேற்று வகைகளை டீசல், எண்ணெய், வைக்கோல், மரத்தூள், கந்தகம் என்பவற்றிலிருந்து தூரமாக்குங்கள். பிளீச்சிங் பவுடரை யூரியாவோடும் அமோனியம் பசளைகளோடும் சேர்க்கவே வேண்டாம். அரிசி, மா, கால்நடைத் தீவனம் இருக்கும் அறையில் கிருமிநாசினி இருக்கலாகாது.

இரண்டாவது, களஞ்சியத்தைக் கவனியுங்கள். நிலம் சீமெந்தாகவும் காய்ந்தும் இருக்கட்டும். மூடைகளைச் சுவரிலும் மின் வயரிலும் முட்டாமல் அடுக்குங்கள். சிந்தியதை அன்றே கூட்டி அள்ளுங்கள். புகைத்தலும் வெல்டிங் வேலையும் உள்ளே கூடாது.

மூன்றாவது, பட்டியல் எழுதுங்கள். எந்தப் பொருள், எத்தனை மூடை, எந்த மூலையில் என்று ஒரு தாளில் குறித்து, லொறி வந்து இறக்கும்போதெல்லாம் திருத்துங்கள். களஞ்சியத்துக்குள் மட்டும் வைத்தால் பட்டியலும் சேர்ந்து எரிந்துவிடும். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். மற்றொன்றைப் பிரதேசத் தீயணைப்புப் பிரிவிடம் கொடுத்து, ஒருமுறை வந்து பார்க்குமாறு அழையுங்கள்.

நான்காவது, வேலையாட்களுடன் பேசி முடிவெடுங்கள். தீயணைப்புப் பிரிவுக்கும் 1990 அம்பியூலன்ஸ் சேவைக்கும் அழைப்பது யார்? மின்சாரத்தைத் துண்டிப்பது யார்? வெளியே எங்கே கூடி ஆட்களை எண்ணுவது? அயல் வீட்டாருக்குச் சொல்வது யார்? தீ நைத்திரேற்று மூடைகளை எட்டிவிட்டால் அணைக்க நிற்க வேண்டாம், எல்லோரும் தூர விலக வேண்டும் என்பதை அனைவரும் அறிந்திருக்கட்டும். தீயணைத்த நீர் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் போகாமல் மறிக்க மண் மூட்டைகளும் தயாராக இருக்கட்டும்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. பட்டியலுக்கு ஒரு தாளும் பேனையும் போதும். களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியும். நம் சொத்தைக் காக்க ஓடி வரும் மனிதனுக்கு அதைச் சொல்லி வைப்பதும் முதலாளியின் பொறுப்பே.