துவிச்சக்கர வண்டியும் இராக்காவலும்

களவிற்குத் துணையாவன எட்டு எனச் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் எடுத்துரைக்கின்றான். கோவலனுடைய தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று காவலர் தயங்கி நின்றபோது அவன் அவர்களுக்குச் செய்த உபதேசம் அது. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என அவன் அடுக்கிச் செல்லும் அழகைக் கொலைக்களக் காதையிற் காணலாம். முதல் நான்கும் இக்காலத்துக் கள்வருக்கு வேண்டப்படுவன அல்ல. தந்திரம் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாயிற்று. எஞ்சிய இடம், காலம், கருவி ஆகிய மூன்றுமே இன்று நம்மிடையே சைக்கிள் திருடுவோருக்கு மூலதனமாக உள்ளன.

ஆண்டுதோறும் வைகாசி பிறந்ததும் எம் கல்லூரி மாணவர் சிலர் வன்னிக்குப் புறப்படுவர். வற்றாப்பளை முதலிய கண்ணகை அம்மன் கோயில்களிற் பொங்கல் இரவில் நிகழ்வது. அடியார்கள் வெளியிலும் மரநிழலிலும் சாக்கு விரித்துப் படுத்து விடியுமட்டும் தங்குவர். பஸ்ஸிற் போகலாமே என்றால் இளைஞர் கேட்பதில்லை. பரந்தனுக்கு அப்பால் வீதியின் இருமருங்கும் காட்டுக் காற்றை வாங்கிக்கொண்டு சைக்கிள் மிதிப்பதில் ஒரு சுகம் இருக்கின்றதாம். இருக்கட்டும். போய்ச் சேர்ந்தபின் வண்டியை எங்கே விடுவது என்பதே வினா.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இவ்வினா எழுவதில்லை. கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலுள்ள வீட்டு வளவுகள் யாவும் வாகனப் பாதுகாப்பு நிலையங்களாய்விடும். துண்டில் ஒரு பாதியைக் காண்டிலிற் கட்டி மறு பாதியை நம் கையில் தந்துவிடுவார்கள். காட்டோரத்து வெளியிலே துண்டும் இல்லை. துண்டு கொடுப்பாரும் இல்லை.

முதலில் இடத்தைச் சொல்வேன். வண்டியை மரத்தோடு பிணிக்கவேண்டும் என்பதை எல்லோரும் அறிவர்; எம்மரத்தோடு என்பதைச் சிந்திப்பார் சிலரே. வேலியின் கிளுவங்கதியாலோடு சங்கிலியைக் கோத்துவிட்டு நிம்மதியாக உறங்கிய ஒருவரை அறிவேன். கள்வன் கதியாலைப் பிடுங்கினான். சங்கிலியும் பூட்டும் அவனுக்கு இலாபமாய்ப் போயின. முருங்கையின் உறுதி யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. பனையோ பாலையோ வேம்போ நல்லது. நம் சங்கிலி பனையைச் சுற்றிவர நீளம் போதாதாயின், இரண்டு மூன்று வண்டிகளைத் தலைமாறி நிறுத்தி ஒன்றோடொன்று பிணித்துவிடலாம். மூன்று வண்டிகளை ஒருங்கே தூக்கிச் செல்வது பெரும்பாடு. சங்கிலி சட்டத்தினூடே செல்லவேண்டும் என்பது முக்கியம். முன்சில்லை மாத்திரம் பிணித்தால், இரண்டு சுரைகளைக் கழற்றிச் சில்லை மரத்திற்கே காணிக்கையாக விட்டுவிட்டு மற்றதைக் கொண்டு போய்விடுவான்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்சில்லின் கம்பிகளுக்கிடையே பாயும் வளையப் பூட்டு வண்டி உருளாமல் தடுக்குமேயன்றி அதனைத் தோளில் ஏற்றுவோனைத் தடுக்காது. மெல்லிய கம்பிவடப் பூட்டு நல்ல குறட்டின் முன் நில்லாது. தடித்த சங்கிலி பாரமாயினும் பயனுடையது. கடற்கரை மணலும் உப்புக் காற்றும் பூட்டின் வாயை அடைத்துவிடும். அதற்கு எண்ணெய் விடுவது வழக்கம். எண்ணெயோ மணலை இன்னும் இழுத்துச் சேர்க்கும். பென்சிற் கரியைத் தூளாக்கித் திறப்பிலே தடவி நுழைத்துப் பாருங்கள். ஆசிரியர்களுக்குச் செலவில்லாத வைத்தியம் அது.

காலம் என்பதே மூன்றினும் வலியது. மதுரைக்காஞ்சியிலே நள்ளிரவிற் புறப்படும் கள்வர் நீலக் கச்சும் நூலேணியும் உடையவராய் வருகின்றனர். அவரைத் தேடித் திரியும் ஊர்காவலர், யானையைப் பார்க்கும் புலி போன்றவராய் விழித்திருக்கின்றனர். இக்காலக் கள்வனுக்கு நூலேணி வேண்டியதில்லை. நாம் உறங்கினாற் போதும். பொங்கல் முடிந்து, பறையொலி அடங்கி, சனம் அயர்ந்து கிடக்கும் பின்னிரவே அவனது முகூர்த்தம். ஆதலின் நால்வர் போனால் நான்கு சாமத்தையும் பங்கிட்டு முறைக்காவல் இருப்பதை விடச் சிறந்த பூட்டு இல்லை. தனியே போனவர், மணியின் நாக்கிலே நூலைக் கட்டி மறுநுனியைக் காற்பெருவிரலிற் கட்டுவதுண்டு. காற்றடித்தாலும் நாய் உரசினாலும் அவர் எழும்புவார். அவரோடு சுற்றிலும் படுத்தவர்களும் எழும்பித் திட்டுவார்கள். சீற்றைக் கழற்றித் தலையணையாக்கிக் கொள்வது அதனினும் உத்தமம். சீற்றில்லாத வண்டியை நெடுந்தூரம் ஓட்டுதல் யாராலும் ஆகாது.

இவ்வளவும் களவு நேராமற் காக்கும் வழி. களவு நேர்ந்தபின் விளைவதுதான் எனக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

சில ஆண்டுகளின் முன் வன்னியிலே ஓர் அம்மன் கோயில் வெளியில் மாணவரோடு தங்கியிருந்தேன். எமக்கு அருகே படுத்திருந்த மேசன் ஒருவருடைய சைக்கிள் விடியற்புறத்திற் காணாமற் போயிற்று. கறுப்பு வண்டி, காண்டிலிலே சிவப்பு நாடா சுற்றியது. மனிதர் பதறி ஓடித் திரிந்தார். அந்நேரம் பதினாறு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் அதேபோன்ற கறுப்பு வண்டியை உருட்டிக்கொண்டு வீதிக்கு ஏறினான். அதிலும் சிவப்பு நாடா. “உதுதான் என்ரை சைக்கிள்” என்று இவர் கத்த, நாலு பேர் ஓடிச்சென்று பையனைப் பிடித்துக்கொண்டார்கள். “முழியைப் பார்த்தாலே தெரியுதே” என்றார் ஒருவர். மற்றொருவர் கன்னத்தில் அறைந்தார். பையன் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் யார் கேட்பார்? கண்ணகை வாசலிலே, விசாரியாமல், கள்வன் என்று ஒருவனைப் பற்றிக்கொண்டு நிற்கின்றார்களே என என் உடல் பதறிற்று.

“தம்பி, உம்முடைய வண்டியின் இலக்கம் தெரியுமோ?” என்று கேட்டேன். மேசனையும் கேட்டேன். அவருக்குத் தெரியாது. பையன் சற்று நேரம் விம்மிவிட்டு, “கடைசி நாலும் தெரியும் ஐயா. பள்ளிக்கூடத்திலே உதவியாகத் தந்தவை, பாரத்திலே நான்தான் எழுதிக் கையெழுத்து வைச்சனான்” என்றான். நான்கு இலக்கங்களையும் சொன்னான். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். பெடல் அச்சுக் கூட்டின் அடியிலே சேறு உறைந்து கிடந்தது. என் மாணவன் ஒருவன் அதனைச் சுரண்டித் துடைத்து, டோர்ச் வெளிச்சத்திலே வாசித்தான். நான்கும் ஒத்தன. பிடித்த கைகள் ஒவ்வொன்றாய் விலகின. மன்னிப்புக் கேட்டார் ஒருவருமில்லை. அறைந்தவர் கூட்டத்தினுள் மறைந்துவிட்டார். மேசன் மாத்திரம் பையனின் தலையைத் தடவிவிட்டு மணலிலே அமர்ந்துகொண்டார். அவருடைய வண்டி கிடைக்கவேயில்லை. பொலிஸில் முறையிடச் சென்றபோது முதலிற் கேட்கப்பட்டது அந்த இலக்கமே.

சைக்கிளின் அருமையை எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 முதல் 1995 வரை பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில் நோயாளியும் விறகும் மணப்பெண்ணும் அதன் மேலேயே சென்றனர். அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, மரங்களின் கீழ்க் கழிந்த அவ்விரவுகளில், காண்டிலிற் கைவைத்தபடியே உறங்கியவர் பலர். அவருக்கு வீடு எனப்பட்டது அதன் கரியரிற் கட்டியிருந்த மூட்டையே. 2022இல் எரிபொருள் அருகியபோது பழைய வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன, விலையும் பன்மடங்காயிற்று. விலையேறிய பொருளைக் கள்வனும் மறப்பதில்லை.

முன்னாளில் உள்ளூராட்சி சபைகள் ஆண்டுக் கட்டணம் பெற்றுத் தகட்டிலக்கம் கொடுத்துவந்தன. அக்கட்டணத்தை நம்மவர் வைத வசவுகள் தனியே தொகுக்கத் தக்கவை. எனினும் வண்டிக்கு உரியவர் இன்னார் என்பதற்கு அத்தகடு ஒரு சான்றாய் நின்றது.

இப்பொழுது பயணத்துக்கு முதல்நாள் மாணவரை வண்டிகளோடு வரச்சொல்கின்றேன். சட்டத்திலே பொறித்த இலக்கம் சில வண்டிகளிற் சீற்றின் கீழும், சிலவற்றிற் பெடல் அச்சுக் கூட்டின் அடியிலும் இருக்கும். மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலாற் தேய்த்தால் எழுத்து மேலெழும்பி வரும். கல்வெட்டுக்குப் படியெடுப்பது போன்றதே. தாளில் ஒன்று வீட்டில், ஒன்று சட்டைப்பையில். சென்ற வைகாசியில் ஒருவனுடைய வண்டியில் மாத்திரம் இலக்கம் தென்படவில்லை. தகப்பன் வைத்திருந்த பழைய றலி அது. பலமுறை வர்ணம் பூசப்பட்டது. பச்சையைச் சுரண்டினோம், கறுப்பு வந்தது. கறுப்பையும் சுரண்டியபோதுதான் முதலிலக்கம் தெரிந்தது. பையன் அதைத் தாய்க்குக் காட்டவேண்டுமென்று தாளை இரண்டு படியெடுத்துக்கொண்டு போனான்.