துறைமுகப் படகு போருக்குப் போன கதை: 1971இல் பத்மாவும் பலாஷும்

ஆலத்தியூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க மாவட்ட எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அரியலூருக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் இங்குள்ள சிமென்ட் ஆலைகளின் பிழைப்பு கடலோடு பின்னியிருக்கிறது. குவாரியில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல், கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த மண்ணை மூடிக்கிடந்த கடல் விட்டுப்போன சொத்து. சூளையில் எரிக்கிற நிலக்கரியிலும் ஒரு பகுதி காரைக்கால் துறைமுகத்தில்தான் வந்து இறங்குகிறது.

அந்த நிலக்கரிக் கப்பல் தானாகவே வந்து மேடையோரம் நின்றுவிடுவதில்லை. பெரிய கப்பலின் சுக்கான், கப்பல் ஓரளவு வேகத்தில் போகும்போதுதான் வேலை செய்யும். துறைமுக வாயிலில் வேகத்தைக் குறைத்ததும் சுக்கானின் பிடி தளர்ந்துவிடும். காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குக் கப்பல் போகும். அப்போது அதன் முனையிலும் பின்புறத்திலும் ஒட்டிக்கொண்டு தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கும் சின்னப் படகுதான் இழுவைப் படகு. துறைமுகத்தில் எல்லாரும் 'டக்' என்றே சொல்கிறார்கள்.

போர் வந்தால் இந்தப் படகுக்கு என்ன வேலை? விமானம் தாங்கிக் கப்பல், நீர்மூழ்கி, ஏவுகணைப் படகு என்று நாம் படிக்கிற போர்க்கதைகளில் இதற்கு இடமே இருப்பதில்லை. 1971இல் கல்கத்தா துறைமுகத்தின் இரண்டு படகுகளுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டால், அது எவ்வளவு பெரிய விடுபடல் என்பது விளங்கும்.

முதலில் படகைப் பார்ப்போம். வெளியில் தெரிவது சிறிய உடல், சுற்றிலும் கட்டித் தொங்கவிட்ட பழைய டயர்கள், தாழ்ந்த பின்தளம், அங்கே ஒரு இழுகொக்கி. உள்ளே இறங்கினால் வயிற்றின் பெரும்பகுதியை எஞ்சினே அடைத்துக்கொண்டிருக்கும். இழுவைப் படகின் பலத்தை வேகத்தால் அளப்பதில்லை. கரையிலுள்ள கட்டுத்தூணில் கயிற்றைக் கட்டி, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டி, கயிற்றில் எத்தனை டன் இழுவிசை விழுகிறது என்று பார்ப்பார்கள். வேலையும் ஆபத்தானது. இழுக்கப்படும் கப்பல் திடீரெனத் திசை மாறி, கயிறு பக்கவாட்டில் இழுத்துவிட்டால், சில நொடிகளில் படகு குடைசாய்ந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே, காது அடைக்கும் இரைச்சலிலும் வெக்கையிலும் நிற்கிற எஞ்சின் அறை ஆட்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்பதே தெரியாது. மணியோசையையும் குரல்குழாயையும் நம்பித்தான் இயங்க வேண்டும். இந்த எஞ்சின் அறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்படைக்குச் சொந்தமான இழுவைப் படகுகளும் உண்டு. இந்தியக் கடற்படை அவற்றுக்குக் கஜ், மாதங்கா என்று யானையின் பெயர்களையே வைத்தது. அமைதிக் காலத்தில் அவை போர்க்கப்பல்களை நிறுத்தும், எடுக்கும், பயிற்சிக்கான இலக்குகளை இழுத்துச் செல்லும். போர் மூண்டதும் அதே கயிறும் அதே பம்பும் உயிர் காக்கும் கருவிகளாகிவிடும். 1941 டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியபோது, அமெரிக்கக் கடற்படையின் 'ஹோகா' என்ற இழுவைப் படகு அங்கே பணிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எரிந்துகொண்டிருந்த அரிசோனா போர்க்கப்பலின் பக்கத்திலிருந்து வெஸ்டல் கப்பலை இழுத்து மீட்டதும், துறைமுக வாயிலை அடைத்துக்கொண்டு மூழ்கிவிடக்கூடும் என்று அஞ்சப்பட்ட நெவாடா போர்க்கப்பலை ஓரம்கட்ட உதவியதும், பிறகு நாள்கணக்கில் தீயணைத்ததும் அந்தப் படகுதான். இன்று அது அர்கன்சாவில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அர்கன்சாவுக்கும் கடற்கரை இல்லை.

நம் பக்கத்தில், 1971 போருக்குச் சில மாதங்கள் முன்பு, சோவியத் ஏவுகணைப் படகுகள் கப்பலில் வந்தபோது அவற்றைத் தூக்கி இறக்கும் அளவுக்குப் பெரிய கிரேன் பம்பாயில் இல்லை. கல்கத்தாவில் இறக்கி, அங்கிருந்து கடல்வழியே இந்தியாவைச் சுற்றிப் பம்பாய்க்கு இழுத்துச் சென்றார்கள். குறைந்த தூரமே ஓடக்கூடிய அந்தப் படகுகளை நெடுந்தூரம் இழுத்துச் செல்ல முடியும் என்பது அப்போதுதான் கைப்பழக்கமானது. அந்த டிசம்பரில் பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்தைத் தாக்குவதற்கு அது கைகொடுத்தது.

கல்கத்தாவின் இரண்டு படகுகள்

1971 மார்ச் 25ஆம் தேதி இரவு, இன்றைய வங்கதேசமான கிழக்கு பாகிஸ்தானில் பாகிஸ்தான் ராணுவத்தின் வெறியாட்டம் தொடங்கியது. பாகிஸ்தான் கடற்படையிலிருந்த வங்காளி மாலுமிகள் பலர் தப்பி இந்தியா வந்தார்கள். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 'மாங்ரோ' நீர்மூழ்கியில் பயிற்சியிலிருந்த எட்டுப் பேர் கப்பலை விட்டு வெளியேறி, ஐரோப்பா வழியாகவே இந்தியா வந்து சேர்ந்தார்கள். பிளாசிக்கு அருகே பாகீரதி ஆற்றங்கரையில் முகாம் அமைத்து, இந்தியக் கடற்படை அவர்களோடு நூற்றுக்கணக்கான வங்காளி இளைஞர்களுக்கும் நீச்சல் கமாண்டோ பயிற்சி கொடுத்தது. ஆகஸ்ட் நடுவில் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே சமயத்தில், நீந்திப் போய்க் கப்பலடியில் காந்த வெடிகளை ஒட்டிவிட்டு வந்தவர்கள் இவர்கள்தான்.

ஆனால் நீந்திப் போகிறவர் சுமக்கக்கூடிய வெடி கொஞ்சம். கடக்கக்கூடிய தூரமும் கொஞ்சம். பாகிஸ்தானுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த சணல், பசூர் ஆற்றிலுள்ள மோங்லா, சால்னா வழியாகத்தான் வெளியே போனது. ஆற்றின் கப்பல் பாதையில் கண்ணிவெடி விதைத்தால் வெளிநாட்டுக் கப்பல்கள் வரத் தயங்கும், காப்பீட்டுக் கட்டணம் ஏறும், வரத்து நிற்கும். அதற்குக் கனமான வெடிகளைச் சுமக்கிற, ஆழம் குறைந்த ஆற்றில் தடுமாறாத படகு வேண்டும். வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினியிடம் படகே இல்லை.

கல்கத்தா துறைமுகத்திடம் இருந்தது. கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே, மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஹூக்ளி ஆற்றின் மேல் அமைந்த துறைமுகம் அது. பருவகாலங்களில் ஏற்றநீர் சுவர்போல எழும்பி ஆற்றுக்குள் பாயும். அந்த ஆற்றில் வேலை பார்த்த படகுக்கு வங்காளத்தின் வேறெந்த ஆறும் புதிதாக இருக்காது. துறைமுகத்தின் இரண்டு இழுவைப் படகுகள் வங்கதேச விடுதலைப் போருக்குக் கொடுக்கப்பட்டன. பத்மா என்றும் பலாஷ் என்றும் அவற்றுக்குப் பெயர்.

கார்டன் ரீச் பட்டறையில் அவை போர்ப் படகுகளாக மாறின. 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகள் பொருத்தப்பட்டன. 500 பவுண்டு கண்ணிவெடிகளைச் சுமந்து நீரில் இறக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஒரு வெடி ஏறத்தாழ 227 கிலோ. கப்பல்களை முட்டித் தள்ளவே கட்டப்பட்ட உடலும் பாரத்துக்கு அசராத பின்தளமும் இங்கே உதவியிருக்கும். ஆனால் கவசம் கிடையாது, வேகம் கிடையாது. போர்க்கப்பலுக்குரிய பீரங்கி வந்தது; போர்க்கப்பலுக்குரிய பாதுகாப்பு வரவில்லை. அந்த அக்டோபரில் அவை பணியில் இறங்கின. வங்காளி மாலுமிகளும் இந்தியக் கடற்படையினரும் ஒரே தளத்தில் வேலை பார்த்தார்கள். வங்கதேசக் கடற்படையின் முதல் கப்பல்கள் இவைதான்.

நவம்பரிலேயே பலன் தெரிந்தது. சால்னாவுக்குச் சென்றுகொண்டிருந்த 'சிட்டி ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் முக்தி வாகினிப் படகுகளின் குண்டுவீச்சுக்கு ஆளாகி, கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டது.

டிசம்பர் 10

டிசம்பர் 3இல் போர் வெளிப்படையாக மூண்டதும், குல்னாவிலிருந்த பாகிஸ்தான் கடற்படைத் தளத்தைப் பிடிக்க ஒரு சிறு படை கிளம்பியது. இந்தியக் கடற்படையின் ரோந்துப் படகு பன்வேல், அதோடு பத்மா, பலாஷ். தலைமை தாங்கியவர் கமாண்டர் எம்.என். சமந்த். 'கரஞ்ச்' நீர்மூழ்கியின் முதல் தளபதியாக இருந்த அவர்தான் பிளாசிப் பயிற்சியையும் இந்தப் படகுத் திட்டத்தையும் நடத்தியவர். பன்வேலின் தளபதி லெப்டினன்ட் கமாண்டர் ஜே.பி.ஏ. நொரோன்ஹா.

சுந்தரவனக் காட்டின் கிளையாறுகள் வழியாகப் போய், டிசம்பர் 10ஆம் தேதி காலை மோங்லாவை எதிர்ப்பு அதிகமின்றிப் பிடித்தார்கள். அங்கிருந்து ஆற்றில் மேலேறி, நண்பகல் வாக்கில் குல்னா கப்பல் கட்டும் தளத்தை நெருங்கினார்கள். மேலே மூன்று விமானங்கள் தென்பட்டன. அவை இந்திய விமானப்படையின் நாட் விமானங்கள். நம்முடைய படகு என்று வானிலிருந்து தெரியட்டும் என்பதற்காகப் படகுகளின் மேல்பகுதியில் மஞ்சள் அடையாளம் இடப்பட்டிருந்தது. தகவல் விமானப்படைக்கும் போயிருந்தது. நம் விமானங்கள் என்பதால் சுட வேண்டாம் என்று படகுகளுக்கு உத்தரவும் இருந்தது.

விமானங்கள் தாழ இறங்கித் தாக்கின. பத்மாவின் எஞ்சின் அறையில் குண்டு விழுந்தது. அடுத்து பலாஷ்.

பலாஷின் எஞ்சின் அறையில் இருந்தவர் முகம்மது ருஹுல் அமீன். நோவாகாளி மாவட்டத்துக்காரர். 1953இல் பாகிஸ்தான் கடற்படையில் சேர்ந்து, எஞ்சின் அறைத் தொழில்நுட்ப மாலுமியாக உயர்ந்தவர். சிட்டகாங் தளத்திலிருந்து தப்பித் திரிபுரா வந்து, பிறகு கல்கத்தா வந்தவர். படகைக் கைவிட்டுக் குதிக்கும்படி உத்தரவு வந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. எஞ்சின் ஓடுகிறவரை படகைக் காப்பாற்றலாம் என்று உள்ளேயே நின்றார். குண்டு எஞ்சின் அறையைச் சிதைத்தது. படுகாயத்தோடு ரூப்ஷா ஆற்றில் நீந்திக் கரையேறியவரை, பாகிஸ்தானுக்குத் துணைநின்ற ரஜாக்கர்கள் பிடித்துக் கொன்றார்கள். ஆற்றங்கரையிலேயே அடக்கம் நடந்தது.

பன்வேல் தப்பியது. எதிரி கரையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தபோதே அது தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தேடி எடுத்தது. சமந்துக்கும் நொரோன்ஹாவுக்கும் மகாவீர் சக்கர விருது கிடைத்தது. டாக்காவில் டிசம்பர் 16ஆம் தேதி பாகிஸ்தான் படை சரணடைந்தது; குல்னாவில் மறுநாள். ருஹுல் அமீனுக்கு வங்கதேசம் தன் மிக உயர்ந்த வீர விருதான பீர் ஸ்ரேஷ்டோவை வழங்கியது. அந்த விருதைப் பெற்றவர்கள் மொத்தம் ஏழு பேர்தான்.

இதை விதியின் விளையாட்டு என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே ஆற்றின் மேல், ஒரே நாளில் வேலை செய்யும்போது, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல் விமானியின் கைக்குக் கடைசி நிமிடம்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். திட்டமிட்டதைவிட வேகமாக முன்னேறுகிற படகு, விமானியின் வரைபடத்தில் எதிரி நீர்ப்பரப்பில் இருப்பதாகவே தெரியும். குறைந்த உயரத்தில், பெரும் வேகத்தில் பறக்கிறவருக்கு ஒரு மஞ்சள் அடையாளத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள சில நொடிகள்தான் கிடைக்கும். சொந்தப் படையின் குண்டுக்கே இலக்காவது உலகின் எல்லாப் போர்களிலும் நடந்திருக்கிறது. அதைத் தடுக்கும் முறைகள் இன்று மேம்பட்டிருக்கின்றன என்றால், பத்மா, பலாஷ் போன்ற படகுகள் கொடுத்த விலையும் அதில் சேரும்.

விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தையும் பாகிஸ்தான் நீர்மூழ்கியான காஸியையும் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு இந்தப் படகுகளைத் தெரியாது. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் மாவட்டம் இது. ராஜேந்திரனின் படை வங்காளம்வரை போனதைப் பெருமையோடு சொல்லித் தருகிற ஆசிரியர்கள், அதே வங்காளத்து ஆற்றில் 1971இல் இந்திய மாலுமியும் வங்காளி மாலுமியும் ஒரே படகில் நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல்சார் எஞ்சினீயரிங் படிக்க நினைக்கிற மாணவருக்கு ருஹுல் அமீனின் பெயர் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று பத்மா எரிந்த நீர்ப்பரப்பை அடுத்திருக்கும் அதே குல்னா கப்பல் கட்டும் தளம், பிற்பாடு வங்கதேசக் கடற்படையின் கைக்கு வந்தது. அந்நாட்டில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பல் அங்கேதான் உருவாகி, 2013 ஜனவரியில் பணியில் சேர்ந்தது. அதன் பெயர் பத்மா.