வளிமண்டலத்தின் ஒலி உட்கவர்தலை அதிர்வெண் பட்டைகள்வழிக் கணக்கிடுதல்

முன்னுரை

தொலைவு மிகுந்தோறும் ஒலி குறைவதற்கு அலை விரிந்து பரவுவது மட்டுமே காரணமன்று. காற்றும் ஒலியாற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றுகிறது. பரவலால் நேரும் இழப்பு எல்லா அதிர்வெண்களுக்கும் ஒன்றே. காற்று உட்கவரும் அளவோ அதிர்வெண்தோறும் வேறுபடும். இரைச்சல் மதிப்பீட்டில் இவ்வேறுபாட்டை ஒரே சராசரி எண்ணில் அடக்குவது எத்தகைய பிழைக்கு இடந்தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உட்கவர்தலின் காரணங்கள்

காற்றின் பாகுநிலையும் வெப்பக் கடத்தலும் உண்டாக்கும் இழப்பு, அதிர்வெண்ணின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆயினும், 1930களின் தொடக்கத்தில் வெர்ன் நட்சன் ஆய்வறையில் அளந்த இழப்பு இக்கணக்கை விஞ்சியது. ஈரப்பதத்துக்கேற்ப மாறவும் செய்தது. மூலக்கூறுத் தளர்வே இதற்குக் காரணம். ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகள் அலையின் ஆற்றலை உள்ளதிர்வாக ஏற்றுச் சற்றுத் தாமதித்துத் திருப்புகின்றன, அத்தாமதமே இழப்பாகிறது. நீராவி இப்பரிமாற்றத்தை விரைவுபடுத்துவதால் இழப்பு உச்சம்பெறும் அதிர்வெண் இடம்பெயர்கிறது.

கணக்கிடும் முறை

வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், வளியழுத்தம், அதிர்வெண் ஆகியவற்றிலிருந்து உட்கவர் குணகத்தைப் பெறும் வாய்பாடுகளை 1993இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 9613-1 தருகிறது. குணகத்தைத் தொலைவால் பெருக்கினால் அப்பட்டையின் இழப்பு கிடைக்கும். 15 பாகை செல்சியசில், 4000 ஹெர்ட்ஸ் பட்டையின் குணகம் 20 விழுக்காடு ஈரப்பதத்தில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 89 டெசிபெல். 80 விழுக்காட்டில் 24 டெசிபெல் மட்டுமே. இப்பட்டையில், ஈரக்காற்றைவிட வறண்ட காற்றே ஒலியை மிகுதியாக உட்கவர்கிறது.

சராசரியால் நேரும் பிழை

250, 4000 ஹெர்ட்ஸ் பட்டைகள் ஒவ்வொன்றும் 80 டெசிபெல் உடையன எனக் கொள்க. இரண்டின் கூட்டு மட்டம் 83 டெசிபெல். 15 பாகை, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் இவற்றின் குணகங்கள் முறையே 1.2, 36.2. பரவலிழப்பை நீக்கிப் பார்த்தால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் 78.8, 43.8 டெசிபெல் எஞ்சும். இவற்றை ஆற்றல் அடிப்படையில் கூட்டினால் 78.8 டெசிபெல்லே கிடைக்கும். சராசரிக் குணகமான 18.7ஐக் கொண்டு கழித்தால் கிடைப்பதோ 64.3. வேறுபாடு 14.5 டெசிபெல்.

முடிவுரை

சராசரி முறை, குடியிருப்பைச் சென்றடையும் தாழ் அதிர்வெண் இரைச்சலைக் குறைத்துக் காட்டுகிறது. எனவே, ஒவ்வொரு பட்டைக்கும் இழப்பைத் தனியே கணித்து, இறுதியில் ஆற்றலைக் கூட்டுவதே ஏற்புடைய முறை. அளவீட்டு நேரத்தின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவுசெய்யாத மதிப்பீடு, உயர் அதிர்வெண்களைப் பொறுத்தவரை முழுமையுடையதாகாது.