கொடுத்த யானை, வாங்கிய யானை

1949ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஜப்பானின் டோக்கியோ நகரத்தில் உயேனோ உயிரியல் பூங்காவில் யானைக் கொட்டில் காலியாகக் கிடந்தது. குண்டு விழுந்து வேலி உடைந்தால் விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, 1943இல் பெரிய விலங்குகளைக் கொன்றுவிடச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கிருந்த மூன்று யானைகளையும் பட்டினி போட்டே சாகவிட்டார்கள். அதனால் சின்னப் பிள்ளைகள் யானையைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். அவர்கள் நம் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள், ஒரு யானை வேண்டும் என்று.

நேரு அனுப்பி வைத்தார். மைசூரிலிருந்து போன பெண் யானை அது. பெயர் இந்திரா, நேருவின் மகள் பெயரேதான். கன்னடத்தில் சொன்னால்தான் இந்திராவுக்குப் புரியும். ஆகவே டோக்கியோ ஊழியர்கள் கன்னடச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். 1983 வரை இந்திரா அங்கேயே வாழ்ந்தாள்.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு முள் உறுத்தும். கடிதம் எழுதிய பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அனுப்பியவருக்குப் பெருமை. இந்திராவுக்கு? யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. யானையைப் பற்றி அப்போது மனிதருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இப்போது தெரிந்தது அதிகம். அதில் இரண்டை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம்.

முதலாவது, காது சம்பந்தப்பட்டது. 1984இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே உட்கார்ந்திருந்தார். காதில் எதுவும் விழவில்லை. ஆனால் காற்று லேசாக அதிர்கிற மாதிரி உடம்பில் ஓர் உணர்வு. சின்ன வயதில் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் வாத்தியத்தின் அடித்தொனிக் குழாய் பக்கத்தில் நின்றபோது இப்படித்தான் அதிர்ந்தது என்று அவருக்கு நினைவு வந்தது. பதிவு செய்து, வேகத்தைக் கூட்டிப் போட்டுக் கேட்டால், யானைகள் பேசிக்கொண்டிருந்தன! நம் காது நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே போனால் கேட்காது. யானை அதற்கும் கீழே உறுமுகிறது. அந்த உறுமல் காட்டில் பல கிலோமீட்டர் போகும். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் அக்காவும் சித்தியும் அதைக் கேட்டுப் பதில் சொல்வார்கள். (காட்டு யானையின் இந்த ரகசியம் பூங்கா யானையிடமிருந்துதான் நமக்குத் தெரியவந்தது. உயிரியல் பூங்காவே வேண்டாம் என்று பட்டென்று சொல்ல முடியாமல் என்னைத் தடுப்பது இந்த மாதிரி விஷயங்கள்தான்.)

இரண்டாவது, கால். யானை தூண் போல நிற்பதாக நினைக்கிறோம். உள்ளே எலும்பைப் பார்த்தால் அது விரல் நுனியில் நிற்கிறது, குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட மாதிரி. உயர்ந்த குதிகாலுக்குக் கீழே கொழுப்பும் நாரும் சேர்ந்த ஒரு மெத்தை இருக்கிறது. காலை ஊன்றினால் பாதம் விரியும், தூக்கினால் சுருங்கும். சேற்றில் புதைந்த காலை அது சுலபமாக உருவிக்கொள்வதும், நாலைந்து டன் உடம்பு சருகின் மேல் சத்தமில்லாமல் நடப்பதும் இதனால்தான். நாள் முழுக்க மண்ணிலும் புல்லிலும் நடந்தால் நகமும் உள்ளங்கால் தோலும் தானாகத் தேயும். சிமெண்ட் தரையில், தன் மூத்திரத்தின் ஈரத்திலேயே கட்டிப்போட்டு நிற்க வைத்தால் தோல் வெடிக்கும், நகத்தடியில் சீழ் கோக்கும். மனிதர் வளர்க்கும் யானைகளைக் கடுமையாக வாட்டும் நோய்களில் இந்தக் கால் நோயும் ஒன்று.

நான் உங்கள் வயதில் இருந்தபோது எங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு யானை இருந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நிற்கும். டான்ஸ் ஆடுகிறது என்று கை தட்டி வாழைப்பழம் கொடுப்பேன். அது டான்ஸ் இல்லை என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நடக்க இடமில்லாமல், பேச ஆளில்லாமல், செய்ய வேலையில்லாமல் நாட்கணக்கில் நிற்கும் விலங்கு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய ஆரம்பித்துவிடும். கூண்டுப் புலி ஒரே தடத்தில் நடப்பதும் இதே வகை.

இப்போது காவன் கதைக்கு வருவோம்.

காவன் இலங்கையில் பிறந்த ஆண் யானை. 1985இல், பால்குடி மறக்காத குட்டியாக இருக்கும்போதே, இலங்கை அரசு அதைப் பாகிஸ்தானுக்குப் பரிசாகக் கொடுத்தது. யானைக் குட்டி இரண்டு வயதுக்கு மேலும் பால் குடிக்கும். ஆண் குட்டி பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் கூட்டத்தை விட்டு விலகும். காவனோ இஸ்லாமாபாத்தில் ஒரு பூங்காவின் சின்ன இடத்தில் தனியாக வளர்ந்தது. சில வருடம் கழித்து வங்கதேசத்திலிருந்து ஒரு பெண் யானை வந்தது. அதன் பெயர் சஹேலி, அதாவது தோழி. 2012இல் சஹேலி இறந்துபோனது. அதற்குப் பிறகு எட்டு வருடம் காவன் உறுமினால் கேட்க இன்னொரு யானை இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. கரும்பு தின்றே உடம்பு பெருத்தது. உலகத்திலேயே தனிமையான யானை என்று பத்திரிகைகள் எழுதின.

பாகிஸ்தானிலும் வெளியிலும் பலர் வருடக்கணக்காகக் குரல் கொடுத்தார்கள். அமெரிக்கப் பாடகி ஷெர் அவர்களில் ஒருவர். 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் காவனை விடுவிக்கச் சொன்னது. விலங்குகளுக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்ற கேள்வியை எழுப்பி, தயங்காமல் உண்டு என்று அந்தத் தீர்ப்பு பதில் சொன்னது.

ஆனால் நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் விலங்கை இடம் மாற்றிவிட முடியாது. அந்த ஜூலையில் அதே பூங்காவின் இரண்டு சிங்கங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோக முயன்றார்கள். கூண்டை விட்டு வர மறுத்ததால், விரட்டுவதற்காகத் தீ மூட்டினார்கள். இரண்டும் பிழைக்கவில்லை.

காவனுக்கு வேறு வழி எடுத்தார்கள். எகிப்தில் பிறந்த கால்நடை மருத்துவர் அமீர் கலீல் வந்தார். முதலில் சாப்பாட்டை மாற்றி எடையைக் குறைத்தார்கள். பிறகு பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே ஓர் அடி வைத்தால் பழம். இரண்டு அடி வைத்தால் இன்னும் பழம். பயந்து வெளியே வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள்; நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இப்படியே பல வாரம். நடுநடுவே மருத்துவர் ஃபிராங்க் சினாட்ராவின் பழைய ஆங்கிலப் பாட்டுகளைப் பாடுவார். காவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

என் தங்கை மகன் இந்த இடத்தில் கேட்டான்: "பெரியம்மா, யானைக்குப் பாஸ்போர்ட் உண்டா?"

உண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்த சைட்டீஸ் என்ற உலக உடன்படிக்கை 1975 முதல் நடப்பில் இருக்கிறது. ஆசிய யானை அதன் முதல் பட்டியலில் இருப்பதால், அனுப்பும் நாடும் அனுமதிச் சீட்டு தர வேண்டும், வாங்கும் நாடும் தர வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். போய்ச் சேர்ந்ததும் நோய் எதுவும் இல்லை என்று தெரியும்வரை தனியே வைக்க வேண்டும். "யானை எங்கே கையெழுத்து போடும்?" என்றான் அடுத்து. என்னிடம் பதில் இல்லை.

2020 நவம்பர் கடைசியில் காவன் பெட்டிக்குள் போனது. ரஷ்ய சரக்கு விமானம் கம்போடியாவில் இறங்கியது. அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு யானை துதிக்கையை நீட்ட, காவனும் நீட்டியது. எட்டு வருடத்தில் முதல் தடவை.

அதே பூங்காவில் இருந்த இரண்டு கரடிகள் ஜோர்டானுக்குப் போயின. ஆக, வெளிநாட்டுக்கு அனுப்புவதே தவறு என்று சொல்ல முடியாது. அரேபிய ஆரிக்ஸ் என்ற வெள்ளை மானைப் பாருங்கள். வேட்டையில் அது அழியப்போகிறது என்று தெரிந்ததும் 1960களில் சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் பீனிக்ஸ் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1972இல் பாலைவனத்தில் கடைசி ஆரிக்ஸும் சுடப்பட்டது. பூங்காவில் பெருகிய குட்டிகள் 1982இல் ஓமன் பாலைவனத்துக்குத் திரும்பின. போகும்போதே திரும்பி வருவதற்காகப் போன விலங்கு அது.

யானை விஷயம் அப்படியில்லை. 4500க்கும் மேற்பட்ட யானைகளின் பதிவேடுகளை வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். மியான்மர் மரக்கூப்புகளில் வேலை செய்யும் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 41.7 வருடம். ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானைகளுக்கு அது 18.9 வருடம்தான். மரம் இழுக்கிற யானையை விட, வேளாவேளைக்குச் சாப்பாடும் டாக்டரும் கிடைக்கிற யானைக்கு ஆயுள் குறைவு! பூங்கா விட்டுப் பூங்கா மாற்றினால், மாற்றிய பிறகு சில வருடங்களுக்கு இறக்கும் ஆபத்து கூடுவதையும் அதே ஆய்வு கண்டது. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாடு காட்டில் பிடித்த இளம் யானைகளைச் சீனாவுக்கு விற்று வந்தது. 2019இல் ஜெனீவாவில் சைட்டீஸ் கூட்டம் அந்த வாசலை ஏறக்குறைய அடைத்தது: அங்கே காட்டில் பிடித்த யானையை, விதிவிலக்கான காரணம் இருந்தால் ஒழிய, ஆப்பிரிக்க யானை இயல்பாக வாழும் இடத்தைத் தாண்டி அனுப்பக் கூடாது.

காவனைக் கொடுத்த இலங்கை, வேறொரு யானையை வாங்கிய நாடும்கூட. அந்தத் தீவின் காடுகளிலேயே ஆயிரக்கணக்கில் யானை இருக்கும்போது எதற்கு இன்னொன்று? காரணம் தந்தம். இலங்கை ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்குக்கூட நீண்ட தந்தம் கிடையாது. பெரும்பாலானவை நாம் மக்னா என்று சொல்வோமே, அந்த வகை. ஆனால் பெரஹெரா என்ற பௌத்தத் திருவிழா ஊர்வலத்தில் புனிதப் பேழையைச் சுமக்கக் கொம்பன்தான் வேண்டும். அதனால் தாய்லாந்து 2001இல் பரிசாகத் தந்த கொம்பன்களில் ஒன்று, சக் சுரின். இலங்கை வந்ததும் முத்து ராஜா ஆகிவிட்டது. தமிழ்க் காதுக்கு நம்ம ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கிறது, இல்லையா?

ஒரு விகாரையில் வளர்ந்த முத்து ராஜாவின் முன்னங்கால் ஒன்று மடங்காமல் விறைத்துப்போனது. உடம்பில் சீழ்க்கட்டிகள். இலங்கையின் விலங்கு ஆர்வலர்கள் அதை வெளியே சொன்னார்கள். தாய்லாந்து திரும்பக் கேட்டது. இலங்கைப் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். தெஹிவளை உயிரியல் பூங்காவில் வைத்து முதல் சிகிச்சை கொடுத்தார்கள். 2023 ஜூலை 2ஆம் தேதி, நான்கு தாய்லாந்துப் பாகர்களும் ஓர் இலங்கைப் பாகரும் கூட வர, முத்து ராஜா சியாங் மாய் போய் இறங்கியது. அங்கிருந்து லம்பாங் யானைக் காப்பகம். அங்கே அது மறுபடியும் சக் சுரின்.

பெயர் ஒரே நாளில் மாறிவிட்டது. 22 வருடத்தில் விறைத்துப்போன கால் அப்படி மாறாது. தண்ணீரில் இறக்கினால் உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், கால் கொஞ்சமாவது அசையும் என்று அங்குள்ள மருத்துவர்கள் நீர் சிகிச்சைக்குத் திட்டமிட்டார்கள்.