அசதிக்கு ஊசி... சில லட்சம்தான்!

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். வருஷக்கணக்கில் உடம்பெல்லாம் வலி, தூங்கி எழுந்தாலும் அசதி என்றால்? ஃபைப்ரோமயால்ஜியா, நாள்பட்ட சோர்வு நோய் என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். "ஸ்டெம் செல் ஊசி இருக்கே சார், சில லட்சம்தான்" என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. அந்த 'தான்'தான் இடிக்கிறது!

ஸ்டெம் செல்லே புருடா என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் 1986லிருந்தே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ரத்தத்தை உற்பத்தி செய்வதே மஜ்ஜையின் ஸ்டெம் செல்தான். அதை மாற்றினால் சில ரத்த நோய்கள் தீரும். கணக்கு நேராக இருக்கிறது. ஹீமோஃபீலியாவுக்கு ஸ்டெம் செல்லில் மரபணுவைச் சேர்த்துப் பார்த்து அங்கே 2024ல் முடிவை வெளியிட்டபோது, நோயாளிகள் ஐந்தே பேர். அத்தனை நிதானம்!

நம்ம அசதிக்கு எந்த செல்லை மாற்றினால் தீரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அப்படி நிரூபிக்காத ஸ்டெம் செல் சிகிச்சையை, பரிசோதனை தவிர வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது என்கிறது 2017ம் வருஷ தேசிய வழிகாட்டு நெறிமுறை.

"பரிசோதனைதான் சார்" என்கிறார்களா? சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். பரிசோதனைக்கு எதற்குப் பணம் என்றும் கேளுங்கள்.

வலி நிஜம். அதனால்தான் ஆசை காட்டுவது சுலபம். முதலில் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்க. பல பேரின் அசதி அங்கேயே பிடிபடும். பி.எஃப். பணத்தில் கை வைக்க அவசரமே இல்லை!