உயர்வலிமை எஃகுத் தகடு

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து சல்லி ஏற்றிவரும் டிப்பர் லாரிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். கல் விழுந்து விழுந்து தொட்டியின் அடித்தகடு தேயும், நசுங்கும். கனமான தகடு போட்டாலோ லாரியின் எடை கூடி, ஏற்றும் சல்லி குறையும். மெலிதாகவும் வேண்டும், வலுவாகவும் வேண்டும். இதற்கு விடை உயர்வலிமை எஃகு ஆகும்.

சாதாரணக் கட்டுமான எஃகில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு ஏறத்தாழ 25 கிலோ பளுவைத் தாங்கும். அதற்குமேல் போனால் நீண்டு, பழைய நிலைக்குத் திரும்பாது. உயர்வலிமை வகைகளில் 70 கிலோவும் அதற்கு மேலும் தாங்குவன உண்டு. இத்தனைக்கும் இரண்டும் பெரும்பாலும் இரும்புதான்!

வேறுபாடு எங்கிருந்து வந்தது? தகட்டைச் சுமார் 900 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சி, நீரால் சட்டென்று குளிர்விப்பார்கள். கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்பின் படிக அமைப்புக்குள் சிக்கிக்கொள்ள, மிகக் கடினமான 'மார்ட்டென்சைட்' உண்டாகிறது. அது எளிதில் முறியுமாதலால் மறுபடியும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். மற்றொரு முறை, நயோபியம், வனேடியம் போன்றவற்றைச் சிறிதளவே சேர்த்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி உருட்டி, படிகத் துகள்களை நுண்ணியவையாக்குவது. துகள் எல்லைகள் கூடக்கூட, அணு அடுக்குகள் சறுக்குவதற்குத் தடையும் கூடும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளையான எனக்கு, மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிய பட்டுநூல் நினைவுக்கு வருகிறது. ஒப்புமை முழுவதும் பொருந்தாது என்பதும் தெரிகிறது.

யங் குணகம் எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தகட்டை மெலிதாக்கினால் அது கூடுதலாக வளையும்.

வலிமையினும் முக்கியமானது, விரிசல் ஓடவிடாத பண்பு. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் 'ஸ்கெனெக்டடி' என்ற புதிய எண்ணெய்க் கப்பல், துறையில் நின்றபடியே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. நம் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலுக்கு வெளிநாட்டு எஃகு கிடைக்காதபோது, ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடமும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து 'டி.எம்.ஆர். 249ஏ' என்ற எஃகை உருவாக்கின. கடுங்குளிரிலும் முறியாத வகை இது. ஏறத்தாழ 30,000 டன் இவ்வகை எஃகு தாங்கிய அக்கப்பல், 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் கடற்படையில் சேர்ந்தது.

சாலையோரப் பட்டறைகளில் டிப்பர் தொட்டிக்கு ஒட்டுப்போடும் நண்பர்கள் ஒன்றை அறிந்திருத்தல் நலம். பதப்படுத்திய தகட்டை அளவுமீறிச் சூடாக்கினால் அந்தப் பதம் அவ்விடத்தில் போய்விடும். ஈரமேறிய வெல்டிங் ராடு ஹைட்ரஜனை உட்புகுத்தும். வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் உள்ளே விரிசல் விடக்கூடும். அதற்குள் லாரி அடுத்த பாரத்தை ஏற்றியிருக்கும். ஆதலால் தகடு எவ்வகை என்று முதலில் கேட்டறிந்து, நன்கு உலர்த்திய குறைஹைட்ரஜன் ராடையே பயன்படுத்த வேண்டும். தடித்த தகடாயின் பற்றவைக்குமுன் இளஞ்சூடு ஏற்றிக்கொள்ளவேண்டும்.