காட்டை மூடிய இரு நாடுகள்: பலகைக் கணக்கு மறைப்பது என்ன?

புதுதில்லி: பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை, மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். ஆகியவற்றை வெளிநாடுகளிலிருந்து வாங்குவதில் இந்தியாவும் சீனாவும் கடந்த முப்பது ஆண்டுகளில் எதிரெதிர்த் திசையில் சென்றுள்ளன. இத்தனைக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் தத்தம் காடுகளை அடைத்தன.

இங்கே அதைச் செய்தது உச்ச நீதிமன்றம். நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12-இல் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. அரசுத் தேவைகள் நீங்கலாக, ஏழு வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்ட ஆலைகள் மூடப்பட்டன. தேயிலைப் பெட்டிக்காகத் தோன்றி வளர்ந்த அசாம் ஒட்டுப்பலகைத் தொழில் அத்துடன் நொடிந்தது.

சீனத்தில் பாடம் புகட்டியது வெள்ளம். 1998-இல் யாங்சி ஆறு பெருக்கெடுத்து 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நதியின் மேற்பகுதியில் காடுகளை மொட்டையடித்ததும் ஒரு காரணம் என உணர்ந்த பெய்ஜிங், இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்யத் தொடங்கியது.

1990-களின் நடுவில் இந்தோனேசிய, மலேசிய ஒட்டுப்பலகையை மலைபோல் வாங்கிக் குவித்த நாடு சீனா. பத்தே ஆண்டுகளில் அந்த இறக்குமதி சுருங்கி, உலகின் முதன்மை ஏற்றுமதி நாடாகிவிட்டது. பசி அடங்கிவிட்டதா? இல்லை. பலகைக்குப் பதில் மரத்தடியை வாங்கத் தொடங்கியது, அவ்வளவே. ரஷியா, மியான்மர், பப்புவா நியூகினி காடுகள் சீன ஆலைகளுக்குத் தீனியாயின. பலகைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது தென்படாது.

இந்தியாவில் உயர் சுங்க வரி இருந்ததால், 1990-களில் அயல்நாட்டுப் பலகைக்குப் பெரிதாக இடமில்லை. வடகிழக்கு விட்ட இடத்தை ஹரியாணாவின் யமுனாநகர் பிடித்தது. அங்கு விவசாயிகள் வயலில் வளர்த்த பாப்லரும் யூகலிப்டஸும் பலகையாயின. கேரளத்தின் பெரும்பாவூருக்கு ரப்பர் மரம் கைகொடுத்தது. மேல்தகட்டுக்கான குர்ஜன் மரம் மட்டும் மியான்மரிலிருந்து வந்தது. 2014 ஏப்ரலில் அந்நாடு மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியதும், இந்திய நிறுவனங்கள் அங்கேயே சென்று தகடு சீவும் ஆலைகளை அமைத்தன. ஆக, நாமும் அடுத்தவர் காட்டைத் தொடாதவர்கள் அல்ல.

பலகை இறக்குமதியில் தில்லியின் போக்கோ ஊசலாட்டம்தான். 2009-இல் சீனா, மலேசியா உள்ளிட்ட நாடுகளின் எம்.டி.எஃப். மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. மறு ஆண்டே, 2010 ஜனவரியில், ஆசியான் நாடுகளுடனான வர்த்தக உடன்பாடு நடைமுறைக்கு வந்து சுங்கம் குறையத் தொடங்கியது. ஒரு கையால் அடைத்த கதவை மறு கையால் திறந்த கதை இது.

அடி வாங்குவது யமுனாநகரைச் சுற்றியுள்ள விவசாயி. பாப்லர் முற்ற ஆறேழு ஆண்டுகளாகும். சுங்க வரியை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். 2000-களின் தொடக்கத்தில் பாப்லர் விலை சரிந்தபோது பலர் மரம் நடுவதையே கைவிட்டனர். சில ஆண்டுகளில் ஆலைகள் மரமின்றித் தவித்தன. மரம் கிடைக்கவில்லை என்பதே பின்னர் இறக்குமதிக்கு வாதமாயிற்று.

2023-இல் அறிவிக்கப்பட்டு 2025-இல் நடைமுறைக்கு வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைகளின்படி, வெளிநாட்டுப் பலகையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்றே வரவேண்டும். வியத்நாம், தாய்லாந்து ஆலைகளைப் போலவே, இந்தியச் சந்தையையே நம்பியிருக்கும் நேபாள ஆலைகளும் இதற்கு விலக்கல்ல.